பல்கலைக்கழகம் அனுமதித்த ஏ.ஐ.யும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(பிரேசர் டவுனில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு அதிகாரியான நம் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரை மணி நேரம் பேசுங்கள், பென்ஷனைப் பற்றி மட்டும் வேண்டாம்" என்றார் செயலாளர். ஆகவே, கோல்ஸ் பார்க்கில் காலையில் நடக்க வரும் அன்பர்கள் சில மாதங்களாக என்னிடம் கேட்டுவரும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டேன். "பேரன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். காலேஜே ஒரு ஏ.ஐ. கொடுத்திருக்கிறதாம். அதை உபயோகித்தால் தப்பே இல்லை என்கிறான். நிஜம்தானா ஸார்?"

காலேஜ் கொடுத்திருப்பது நிஜம்தான். சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. அடுத்த ஜனவரியிலேயே நம் பெங்களூரின் ஆர்.வி. பல்கலைக்கழகம் அதைத் தடை செய்ததாகப் பத்திரிகைகளில் படித்தோம். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அந்தக் கம்பெனியுடனேயே ஒப்பந்தம் செய்துகொண்டது. 2025 பிப்ரவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களுக்கும் அதை அறிவித்தது. மாணவர்கள் மட்டும் 4,60,000 பேருக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்போர்டும் தன் மாணவர்கள், ஊழியர்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. தடையிலிருந்து தாம்பூலம் வரை மூன்றே வருஷம்!

ஆனால் "அனுமதிக்கப்பட்டது" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? இங்கேதான் பிள்ளைகளும் குழம்புகிறார்கள், பெற்றோர்களும் குழம்புகிறார்கள்.

நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில் பரீட்சை ஹாலில் லாகரிதம் டேபிள் கொடுப்பார்கள். கல்லூரி முத்திரை குத்தியது. நம்மிடமும் அதே புத்தகம், அதே எண்களுடன் இருக்கும். ஆனாலும் அதை உள்ளே கொண்டுபோக முடியாது. புத்தகத்தில் வித்தியாசம் இல்லை. அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பல்கலைக்கழகம் தரும் ஏ.ஐ.யும் அப்படித்தான். உள்ளே ஓடும் எந்திரம் பெரும்பாலும் வெளியில் இலவசமாகக் கிடைப்பதன் உறவுதான். மாறுவது ஒப்பந்தம். இந்த மாதிரி ஒப்பந்தங்களில், மாணவரும் ஆசிரியரும் தட்டச்சு செய்வதை எந்திரத்தைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். இலவசக் கணக்கில் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. பயிற்சிக்குத் தர மறுக்கிறேன் என்று நாமே தேடிப்போய் மாற்றி வைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே பேரனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்த ஏ.ஐ.?" என்பதல்ல, "எந்தக் கணக்கில் உள்ளே போகிறாய்?" என்பதே. ஒரே லேப்டாப்பில், ஒரே திரையில், சொந்த ஈமெயிலிலும் நுழையலாம், பல்கலைக்கழக ஈமெயிலிலும் நுழையலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? 2023ல் சாம்சங் கம்பெனி எஞ்சினியர்கள் தங்கள் ரகசிய மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் போட்டுத் திருத்தம் கேட்டார்கள். கம்பெனி விழித்துக்கொண்டு அந்த மே மாதமே தடை போட்டது. நம் மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளில் உபயோகிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ரகசியக் கடிதம் அடித்த கார்பன் பேப்பரைக்கூட எரித்துவிட வேண்டும் என்ற பழக்கத்தில் வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நோயாளிகளின் விவரம், மாணவர்களின் மதிப்பெண், வெளிவராத ஆராய்ச்சி முடிவு, கேள்வித்தாள் இவையெல்லாம் இன்றைய கார்பன் பேப்பர்கள். அனுமதி பெற்ற ஏ.ஐ.யிலும் இவை எல்லாவற்றையும் போடலாம் என்று அர்த்தமில்லை. எந்த வகைத் தகவலைப் போடலாம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாக விதி வைத்திருக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம், தன்னிடம் மதிப்பீட்டுக்கு வரும் ஆராய்ச்சி விண்ணப்பங்களை மதிப்பீட்டாளர்கள் இத்தகைய எந்திரங்களில் போடக்கூடாது என்று 2023 ஜூனிலேயே தடுத்துவிட்டது.

அடுத்தது, பொய். இதற்கு நியூயார்க் வரை போக வேண்டாம், நம் ஊரே போதும். 2024 டிசம்பர் கடைசியில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூர் அமர்வு ஒரு டிரஸ்ட் வழக்கில் உத்தரவு பிறப்பித்தது. அதில் ஆதாரமாகக் காட்டிய உச்ச நீதிமன்ற, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடினால், அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடைக்கவில்லை! சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததை யாரும் சரிபார்க்காததே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது: அனுமதிக்கப்பட்ட கருவிகளையே உபயோகிக்கலாம், அவற்றின் விடையையும் மனிதர்கள் சரிபார்க்க வேண்டும், தீர்ப்பை எந்திரம் எழுதக் கூடாது.

எந்திரம் ஏன் பொய் சொல்கிறது? வேண்டுமென்று சொல்லவில்லை. இதுவரை வந்த வார்த்தைகளுக்கு அடுத்து எந்த வார்த்தை பொருந்தும் என்று கணக்குப் போடுவதுதான் அதன் அடிப்படை வேலை. தீர்ப்பின் பெயர் எப்படி இருக்கும், வருஷம் எங்கே வரும், பக்க எண் எங்கே வரும் என்ற வடிவம் அதற்கு நன்றாகத் தெரியும். வடிவத்தை நிரப்பிவிடுகிறது. பல்கலைக்கழகம் காசு கொடுத்து வாங்கிய கணக்கிலும் இதே கணக்குத்தான். ஒப்பந்தம் ரகசியத்தைக் காக்கும், உண்மையைக் காக்காது. ஆராய்ச்சிக் கட்டுரையில் வரும் மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தைத் திறந்து பார்த்தே போட வேண்டும். ஆபீஸில் கிளார்க் டிராஃப்ட் போடலாம், கையெழுத்துப் போடுபவன்தான் பொறுப்பு.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். ஏ.ஐ.யைத் தொடாத பிள்ளையும் மாட்டிக்கொள்ளலாம். 2023 மே மாதம் டெக்சாஸில் ஒரு பேராசிரியர், மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே காட்டி "இதை நீ எழுதினாயா?" என்று கேட்டாராம். அது ஆமாம் என்றதாம். திருடனையே சாட்சி சொல்லக் கூப்பிட்ட கதை! அதற்கு அப்படிக் கண்டுபிடிக்கும் சக்தியே கிடையாது. சில மாணவர்களின் பட்டம் கொஞ்ச நாள் அந்தரத்தில் தொங்கியது. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனியே எந்திர எழுத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் அதே ஆண்டில் இப்படிப்பட்ட 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை எந்திரம் எழுதியது என்று தவறாகச் சொல்லின. எதிர்பார்க்கக்கூடிய வார்த்தை, எதிர்பார்க்கக்கூடிய வாக்கியம் என்றால் அவற்றுக்குச் சந்தேகம். நம் பிள்ளைகள் இலக்கணம் தவறாமல், பாடப்புத்தக ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். "ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்" என்று முப்பது வருஷம் எழுதிய என் கடிதங்களைச் சோதித்தால், நானே எந்திரம் என்று தீர்ப்பாகிவிடும்! வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் அந்தக் கண்டுபிடிக்கும் வசதியையே நிறுத்திவைத்தது. எல்லா இடமும் அப்படி அல்ல. விசாரணை என்று வந்தால் விசாவும் சேர்ந்து கவலையாகிவிடும், கடன் வாங்கிப் படிக்க அனுப்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பிள்ளைகள் குறிப்புகளையும் ஆரம்ப வரைவுகளையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளட்டும். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் எழுதினால், எந்தத் தேதியில் எந்த வரி எழுதினோம் என்ற சரித்திரம் தானே பதிவாகும். ஏ.ஐ.யிடம் உதவி பெற்றிருந்தால், எதற்குப் பெற்றோம் என்று கட்டுரையிலேயே ஒரு வரி. காலேஜ் ஏ.ஐ. கொடுத்திருந்தாலும், குறிப்பிட்ட பாடத்தின் ஆசிரியர் தன் அசைன்மென்ட்டுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். அவர் சொல்வதே அங்கு செல்லும். நம் நாட்டில் யு.ஜி.சி.யின் 2018 விதிகள் 10 சதவீதம் வரை ஒற்றுமையை மன்னிக்கின்றன என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்த விதி காப்பியடிப்பதைப் பற்றியது, ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததற்கு அனுமதி அல்ல.

கடைசியாக, இந்தச் சபையில் உள்ள ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கு. உங்களில் சிலர் இன்னமும் வீட்டில் விடைத்தாளும் தீஸிஸும் திருத்துகிறீர்கள். கண் வலிக்கிறது என்று அவற்றைப் படம் எடுத்துச் சொந்தச் செல்போனில் உள்ள ஏ.ஐ.யில் ஏற்றிச் சுருக்கம் கேட்காதீர்கள். அதில் மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்து, 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. ஏ.ஐ. அவசியம் என்றால், எந்தக் கணக்கில் நுழைய வேண்டும், எதை ஏற்றலாம் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பிறகு ஆரம்பியுங்கள்.