கணக்கு உதைத்தது ஏன்? பி.டி.எஃப் தொல்லைகளும் தீர்வுகளும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் முன்னாள் பொருளாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



தண்ணீர் லாரி, குப்பை வண்டி, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பி.டி.எஃப் எடுக்கும்போது வரும் சிக்கல்களைப் பற்றிப் பேசப் போகிறேன். இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இதனால் அடிபட்டவன் என்பதுதான் தகுதி.

நான் பொருளாளராக இருந்தபோது ஆண்டு வரவு செலவுக் கணக்கை எக்செல்லில் போட்டு, பி.டி.எஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு உறுப்பினர் கேட்டார்: "சார், விவரத்தைக் கூட்டிப் பார்த்தால் 18,400 ரூபாய் உதைக்கிறதே?" நான் எக்செல்லைத் திறந்து பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. "சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் போட்டேன். அவர் கையில் இருந்த பி.டி.எஃப்-ஐ நான் திறந்தே பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு. அதற்குப் பிறகு குழுவில் ஒரு வாரம் என்னென்ன பேச்சு வந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ராஜினாமா கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். டிசம்பர் கணக்கு எடுத்தபோது, எந்தப் பகுதி அச்சாக வேண்டும் என்று எக்செல்லில் 'பிரிண்ட் ஏரியா' குறித்து வைத்திருந்தேன். மார்ச் மாதச் செலவுகளை அதற்குக் கீழே சேர்த்தேன். மோட்டார் காயில் கட்டியது, சம்ப் சுத்தம் செய்தது, கேமரா வயர் மாற்றியது என்று மொத்தம் ஏழு வரிகள். பிரிண்ட் ஏரியா பழைய எல்லையிலேயே நின்றுவிட்டது. மேலே இருந்த மொத்தத்தில் அந்த ஏழு வரியும் சேர்ந்திருந்தது. கீழே விவரத்தில் அவை வரவில்லை. திரையில் எல்லாம் இருந்தது, பி.டி.எஃப்-இல் இல்லை.

ஆகவே முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பி.டி.எஃப் என்பது உங்கள் ஃபைலின் நகல் அல்ல. அந்த ஃபைல் காகிதத்தில் எப்படி அச்சாகுமோ, அதன் படம். 1993-ல் அடோபி நிறுவனம் இதைக் கொண்டு வந்ததே, யாருடைய கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். 2008-ல் அது உலகத் தரமாகவும் ஆனது. அச்சில் எது விடுபடுமோ அது பி.டி.எஃப்-இலும் விடுபடும்.

சிக்கல் இரண்டு வகை. ஒன்று, பி.டி.எஃப் உருவாகவே மாட்டேன் என்கிறது. மற்றொன்று, உருவாகிறது, ஆனால் தப்பாக வருகிறது.

உருவாகவில்லை என்றால்

பதற்றத்தில் கண்டதையும் அழுத்தாதீர்கள். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். புதிதாக ஒரு ஃபைல் திறந்து, 'வணக்கம்' என்று ஒரு வார்த்தை மட்டும் அடித்து, அதை பி.டி.எஃப் ஆக்கிப் பாருங்கள். அது வந்துவிட்டால் கோளாறு உங்கள் பழைய ஃபைலில்தான். பத்துப் பக்கம் இருந்தால் முதல் ஐந்தைத் தனியாக, அடுத்த ஐந்தைத் தனியாக எடுங்கள். எந்தப் பாதி வரவில்லையோ அதை மறுபடி இரண்டாக்குங்கள். மூன்று, நான்கு தடவையில் குற்றவாளிப் பக்கம் பிடிபடும். பெரும்பாலும் அதில் கெட்டுப்போன ஒரு படம் இருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி சேருங்கள்.

'வணக்கம்' கூட வரவில்லையா? நோட்பேடைத் திறந்து அதிலிருந்து முயன்று பாருங்கள். நோட்பேடிலிருந்து வந்தால் கோளாறு வேர்டு, எக்செல் பக்கம். அங்கிருந்தும் வரவில்லை என்றால் விண்டோஸ் பக்கம்.

விண்டோஸ் 10 முதல் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்' என்று ஒரு பிரிண்டர் பட்டியலில் இருக்கும். அது காணாமல் போனாலோ, மக்கர் செய்தாலோ, கண்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்ற இடத்துக்குப் போங்கள். அதன் எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, மறுபடி டிக் செய்யுங்கள். அச்சு வேலைகள் வரிசையில் சிக்கி நின்றால், 'சர்வீசஸ்' பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. வேர்டு, எக்செல் 2010 முதல் பிரிண்டர் இல்லாமலே 'சேவ் ஆஸ்' அல்லது 'எக்ஸ்போர்ட்' வழியாக பி.டி.எஃப் எடுக்கலாம். லிப்ரே ஆஃபீஸிலும் இந்த வசதி உண்டு, அது இலவசம். முதலில் எக்ஸ்போர்ட்டையே பயன்படுத்துங்கள். ஆவணத்தில் உள்ள இணைய இணைப்புகள் அதில் வேலை செய்யும், பிரிண்ட் வழியில் அவை வெறும் எழுத்தாகிவிடும். ஒரு வழி மூடியிருந்தால் மற்றதை முயலுங்கள்.

சேமிக்கும்போது பிழைச் செய்தி வருகிறது என்றால் மூன்றைக் கவனியுங்கள். அதே பெயரில் உள்ள பழைய பி.டி.எஃப் வேறொரு ஜன்னலில் திறந்திருக்கலாம், மூடிவிட்டு முயலுங்கள். பென் டிரைவ் நிரம்பியிருக்கலாம். ஃபைல் பெயர் மிக நீளமாக, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போயிருக்கலாம்; சின்னப் பெயர் வைத்து டெஸ்க்டாப்பில் சேமித்துப் பாருங்கள்.

சில பேர் வீட்டுப் பிரிண்டரைத் தேர்வு செய்து 'பிரிண்ட் டு ஃபைல்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். அப்போது வருவது பி.ஆர்.என் என்று முடியும் ஃபைல். அது அந்தப் பிரிண்டருக்கு மட்டும் புரியும் மொழி. அதன் பெயரை மாற்றி பி.டி.எஃப் என்று எழுதினால் பி.டி.எஃப் ஆகிவிடாது. வேர்டு ஃபைலின் பெயரை மாற்றினாலும் அப்படித்தான்.

தமிழ் எழுத்து உடைந்தால்

நம் சங்கத்தின் துணை விதிகள் பல ஆண்டுகளுக்கு முன் ஜாப் டைப்பிங் சென்டரில் அடித்தவை. அந்த ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குதறி வைத்தது போல இருக்கிறது. காரணம், அது பழைய ஃபாண்ட். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த ஏற்பாடு. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. எனவே பழைய ஆவணங்களை மாற்றிக் கருவி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூனிகோடில் இருந்தாலும், ஃபாண்ட் பி.டி.எஃப்-உக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும். வேர்டில் எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ஆப்ஷன்ஸ்' என்பதில் 'பி.டி.எஃப்/ஏ' என்று ஒரு கட்டம் இருக்கும். நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்கான தரம் அது. அதில் எல்லா ஃபாண்டும் உள்ளே இருந்தாக வேண்டும் என்பது விதி. பத்திரம், தீர்மானம், துணை விதி போன்றவற்றுக்கு அந்தக் கட்டத்தில் டிக் போடுங்கள். சரிபார்க்க, அடோபி ரீடரில் கண்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தி 'ஃபாண்ட்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபாண்ட் பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருக்க வேண்டும்.

வரிகளும் பத்திகளும் காணாமல் போனால்

இது எக்செல் சங்கதி, என் சொந்த அனுபவம். பிரிண்ட் ஏரியாவை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குறியுங்கள். கடைசிப் பத்தி மட்டும் தனிப் பக்கத்துக்கு ஓடினால், 'ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். தொகைக்குப் பதில் ##### என்று வந்தால் பத்தியின் அகலம் போதவில்லை. திரையில் சரியாக இருந்தாலும் அச்சில் இப்படி வரலாம், கொஞ்சம் அகலமாக்குங்கள். பல ஷீட் இருந்தால், கேட்காத வரை திறந்திருக்கும் ஷீட் மட்டும்தான் பி.டி.எஃப் ஆகும், 'என்டையர் வொர்க்புக்' என்று சொல்ல வேண்டும். பக்க அளவு ஏ4 தானா என்றும் பாருங்கள். அமெரிக்க 'லெட்டர்' தாள் நம் ஏ4-ஐ விட 18 மில்லிமீட்டர் குட்டை. அதில் பக்கம் கட்டினால் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

ஃபைல் பெரிதாக இருந்தால்

விண்ணப்பத் தளங்கள் ஃபைல் அளவுக்கு வரம்பு வைத்திருக்கும். படங்கள்தான் அளவைக் கூட்டுகின்றன. ஏ4 தாளை 300 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள். அதையே 150-ல் எடுத்தால் அதில் கால் பங்குதான். படிக்க அது பொதுவாகப் போதும். வேர்டில் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டில் 'மினிமம் சைஸ்' தேர்வு செய்யுங்கள். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

இவ்வளவும் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அனுப்புவதற்கு முன், உருவான பி.டி.எஃப்-ஐத் திறந்து முதல் பக்கம், கடைசிப் பக்கம், மொத்தத் தொகை மூன்றையும் பாருங்கள். முடிந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் அல்லாமல், வீட்டில் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்காததால், ஒரு வாரம் தூங்கவில்லை.

இன்னொரு வேண்டுகோள். யாராவது "கணக்கு உதைக்கிறதே" என்று கேட்டால் கோபப்படாதீர்கள், அவர் பார்ப்பதை நீங்களும் பாருங்கள். கேட்பவரும் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் ஃபைலைச் சந்தேகியுங்கள். அன்று என்னைக் கேள்வி கேட்ட அதே உறுப்பினர்தான் என் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு ஃபைலையும் வரிக்கு வரி ஒப்பிட்டு அந்த ஏழு வரிகளைக் கண்டுபிடித்தார். ராஜினாமா கடிதத்தையும் அவர்தான் கிழித்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் சங்க அலுவலகத்தில் இருப்பேன். பி.டி.எஃப் வரவில்லை என்றால் ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.