காது தானே ஆறும், நாம் கை வைக்காவிட்டால்

நிகழ்ச்சி படைக்கும் எனக்கு வலக்காதுதான் சோறு போடுகிறது. தயாரிப்பாளர் சொல்வதெல்லாம் அதில் செருகிய சின்னக் கருவி வழியாகத்தான் வரும். அந்தக் காதைத்தான் ஒருநாள் ஒளிப்பதிவுக்கு முன் பஞ்சுக் குச்சியால் குடைந்துகொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்ட, சட்டென்று திரும்பினேன். சுருக்கென்று வலி, இரண்டு சொட்டு இரத்தம், பிறகு ஒரே இரைச்சல். செவிப்பறையில் ஓட்டை.

வீட்டில் அம்மா தேக்காவில் வாங்கிய நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சத் தொடங்கிவிட்டார். நல்லவேளை, பலதுறை மருந்தக மருத்துவர் முந்திக்கொண்டார். எண்ணெய் கூடாது, தண்ணீர் படக் கூடாது, பொறுத்திருந்தால் தானே மூடிக்கொள்ளும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எப்படி மூடும் என்று தேடிப் படித்தேன்.

செவிப்பறை சுமார் 1 செ.மீ. அகலமும் 0.1 மி.மீ. கனமும் உள்ள சவ்வு. கையில் காயம் பட்டால் அடியில் சதை வளர்ந்து, அதன்மேல் தோல் படரும். செவிப்பறைக்கு அடியில் இருப்பதோ வெறும் காற்று. எலி, கினிப்பன்றி, சின்சில்லா ஆகியவற்றின் செவிப்பறையில் துளையிட்டுப் பார்த்தபோது, அங்கே வெளித்தோல்தான் முதலில் பாலம் போடுகிறது, நடு அடுக்கு பின்னால் வருகிறது என்று தெரிந்தது.

அந்தத் தோல் சும்மா இருப்பதில்லை. 1960களில் மைப்புள்ளி வைத்துப் பார்த்தார்கள். புள்ளி நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்ந்தது. குறும்பியை வெளியே தள்ளுவதும் இதே நகர்வுதான். அதாவது, நான் குச்சியால் செய்ய முயன்ற வேலையைக் காது ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது!

ஆய்வாளர்களுக்கு ஒரு விநோதச் சிக்கல். எலியின் துளை ஒன்றிரண்டு வாரத்தில் மூடிவிடுகிறது. மனிதர்களைத் துன்புறுத்தும் நாள்பட்ட ஓட்டையை விலங்கிடம் உண்டாக்குவதே கடினம். நாள்பட்ட ஓட்டையில் வெளித்தோலும் உட்சவ்வும் விளிம்பில் ஒட்டி, வளர்ச்சி நின்றுவிடுகிறது. அந்த விளிம்பைச் சீவிப் புதுக் காயமாக்கினால் மீண்டும் வளரும். அப்படிச் செய்து, வளர்ச்சிப் புரதம் ஊறிய ஜெலட்டின் பஞ்சை வைக்கும் சிகிச்சைக்கு ஜப்பான் 2019ல் அனுமதி அளித்தது.

பாவம் அந்த உயிர்கள் என்பீர்கள். எனக்கும் உறுத்தியது. மாற்று வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வலியைத் தணிக்கலாமா என்று கேட்ட பிறகே ஆய்வு நடக்க வேண்டும் எனச் சிங்கப்பூரின் வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன.

காதில் சீழ், தலைசுற்றல், கேட்கும் திறன் குறைவு என்றால் பொறுத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் மூடாத ஓட்டைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

எனக்கு ஐந்தாம் வாரத்தில் மூடியது. அதுவரை கருவியை இடக்காதில் மாட்டிக்கொண்டு, தயாரிப்பாளர் சொன்னதில் பாதியைத் தவறவிட்டேன். அம்மாவின் பூண்டு எண்ணெய் இட்லிப் பொடிக்குப் போனது.