அரசின் நலத்திட்டங்களும் செவிலியர் பணியும்
(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில், பங்குச் செவிலியர் சார்பில் ஆற்றிய உரை)



ஊசி போட்டுப் பழகிய எங்களை மேடையேற்றி, அரசின் நலத்திட்டங்களைப் பற்றி நம் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று விழாக்குழுவினர் பணித்திருக்கிறார்கள். இந்தப் பங்கிலிருந்து அரசுச் செவிலியராய்ப் பணிபுரிகிறவர்களும், ஓய்வு பெற்றவர்களுமாக நாங்கள் கூடிப் பேசி எழுதிய உரை இது.

நம் மாநிலத்தில் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது; அங்கன்வாடிகள் அதன் பயன்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் வழங்கப்படும் மகப்பேறு உதவி, 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வந்து, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வரலாயின.

இவற்றிலெல்லாம் செவிலியருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சட்டமன்றத்தில் அறிவிக்கப்படும் திட்டம், கடைக்கோடி வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் திட்டமாகிறது. கதவைத் தட்டும் கை பெரும்பாலும் செவிலியருடைய கை. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளைக் கண்டறிந்து பதிவு செய்ய வேண்டும். எடை, இரத்தம், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காசநோயாளி மாத்திரையை நடுவில் நிறுத்தாமல் கவனிக்க வேண்டும். இத்தனையையும் பதிவேட்டிலும் கணினியிலும் ஏற்ற வேண்டும். எழுத்து வேலை பெருகப் பெருக, நோயாளியின் முகத்தைப் பார்க்கும் நேரம் குறைந்துபோகிறது என்பது எங்கள் மனக்குறை.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்ய வெளி மாவட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பத்தோடு எங்களிடம் வந்தாள். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எதுவும் கையில் இல்லை. எல்லாம் ஊரில் இருக்கிறது என்றாள். "அப்படியானால் எடுத்துக்கொண்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பினோம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். முன்பணம் வாங்கிய குடும்பம் சூளையை விட்டு எப்படி ஊருக்குப் போய் வரும் என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வரவில்லை. ஓர் இரவு சூளைக் குடிசையிலேயே குழந்தை பிறந்து, இரத்தப்போக்கு நிற்காமல், 108 வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். இரத்தம் ஏற்றிய பிறகே பிழைத்தாள். இறைவன் அருளால் குழந்தையும் நலம். "ஏனம்மா அப்புறம் வரவே இல்லை?" என்று கேட்டோம். "பேப்பர் இல்லாம வரக்கூடாதுன்னு சொன்னீங்களே நர்ஸம்மா" என்றாள். எங்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன. நாமெல்லாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் யார்? சூளைக்காரர், ஊர் ஊராய்ப் பிழைப்புத் தேடிப் போகிறவர், கைவிடப்பட்டவர். உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவரிடம்தான் காகிதம் இருப்பதில்லை.

ஆகவே பங்கு மக்களாகிய உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, உதவித்தொகைக்குத்தான் காகிதம் வேண்டும், சிகிச்சைக்கு வேண்டியதில்லை. பரிசோதனை, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, பிரசவம் ஆகியவற்றுக்காக யாரும் வெறுங்கையோடு வரலாம். இதை உங்கள் தெருவில் உள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். நாங்களும் இப்போது முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் கார்டு கேட்கிறோம்.

இரண்டாவது, கர்ப்பம் என்று தெரிந்ததும் 12 வாரத்திற்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேறுகால உதவிக்கு அது அவசியம். அப்போது தரப்படும் 12 இலக்க எண்ணைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கிறார்கள். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் பெண்கள் அந்த எண்ணையும் தாய்சேய் நல அட்டையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, படித்தவர்கள் துணைக்குப் போங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வாங்க வேண்டும். காசநோயாளிகளுக்கு வரும் ஊட்டச்சத்துத் தொகைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டி, அலுவலகப் படிக்கட்டில் எத்தனை நாள் காத்திருப்பார்? நம் இளைஞர் மன்றத்தில் இருவர் கிழமைக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் நோயாளியைச் சந்திப்பதும் ஒரே பணிதான்.

இந்த உதவிகள் யாரும் போடும் பிச்சை அல்ல, குடிமக்களின் உரிமை. அதை வாங்க வருகிறவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. அவரை நிற்க வைத்துப் பேசும் பழக்கம் எங்களிடம் இருந்தால், தயங்காமல் எங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

அந்தச் சூளைக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது என்று கேள்விப்பட்டோம். அடுத்த சூளையிலும் ஒரு தாய் இருப்பாள். அவள் நம்மிடம் வருவதற்கு முன்னால் நாம் அவளிடம் போய்ச் சேருவோம்.