கோடிட்ட இடத்தில் யானை

போன மாதம் பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் ஏறினேன். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்து சீட்டுப் பையன், ஏழாவதோ எட்டாவதோ படிப்பான், குனிந்த தலை நிமிராமல் போனில் விளையாடிக்கொண்டே வந்தான். அவனுக்குத் தலை சுற்றவில்லை, எனக்குத்தான் சுற்றியது. ஆட்டத்தில் தோற்றான் போலிருக்கிறது. ‘உங்களிடம் 1 உயிர்கள் மீதமுள்ளன’ என்று திரையில் ஒரு வரி. “பாருங்கண்ணா, ஒரு உயிர்கள்னு போட்டிருக்குதுங்க!” என்று என்னிடம் காட்டிச் சிரித்தான்.

நிரல் எழுதியவர் வாக்கியத்தை ஒரே தடவைதான் எழுதுவார். நடுவில், பரீட்சைத் தாளில் வருமே, அதுபோல ஒரு கோடிட்ட இடம் விடுவார். ஆட்டம் ஓடும்போது இயந்திரம் அதை நிரப்பும். 5 வந்தால் சரி, 3 வந்தால் சரி. 1 வந்ததும் ‘கள்’ இடிக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு வாக்கியம் எழுதி வைப்பார்கள். அரபு மொழிக்கு ஆறு வகை வேண்டும். நமக்கோ பேச்சில், அஃறிணைப் பெயர்களுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ‘அஞ்சு உயிர் இருக்கு, ஒரு உயிர் இருக்கு’ என்றுதானே பேசுகிறோம்? அப்படியே எழுதியிருக்கலாம். ஆங்கில வரியைப் பெயர்த்துப் போட்டதால் வந்த வினை.

எண்ணை விடுங்கள், ஊர்ப்பெயர் வந்தால் இன்னும் சிக்கல். வால்பாறைப் பக்கத்து ஊர்ப்பெயர்களோடு ‘இல்’ என்ற உருபை ஒட்டிப் பாருங்கள். ரொட்டிக்கடை, ரொட்டிக்கடையில் ஆகும். உருளிக்கல், உருளிக்கல்லில். சின்கோனா, சின்கோனாவில். சோலையாறு, சோலையாற்றில். நம் நாக்கு யோசிக்காமல் செய்துவிடும். இயந்திரம் ‘சோலையாறுஇல்’ என்று போட்டுவிட்டுப் போய்விடும். பெயரைத் தொடாமல் பக்கத்தில் ‘அருகே’ என்று வைப்பதுதான் எளிய தப்பிப்பு.

இதை வால்பாறையில் வைத்துச் சொல்லக் காரணம் உண்டு. அங்கே கோடிட்ட இடத்தில் வருவது யானை நிற்கும் இடம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளுக்குள் யானைகள் போய்வந்துகொண்டே இருக்கும். யானை நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் முட்டிக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் உயிரிழந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு முதலில் உள்ளூர் கேபிள் டிவியில், படத்துக்கு அடியில் ஒரு வரி ஓடவிட்டது. இன்று இன்ன எஸ்டேட் பக்கம் யானை. 2011இல் அதே செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் செல்போன் குறுஞ்செய்தியாக வரத் தொடங்கியது. முன்னின்று நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

பஸ்ஸில் பையன் இன்னொன்றும் காட்டினான். 250 நாணயத்தில் 100 கொடுத்து ஒரு தொப்பி வாங்கினான். மெனுவில் இன்னும் 250 என்றே நிற்கிறது. வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தான், 150 ஆனது. கணக்கு உள்ளே அப்போதே மாறிவிட்டது. மெனு திறந்தபோது எழுதிய வரிக்குத்தான் அது தெரியவில்லை. எண் மாறும்போதெல்லாம் வரியையும் திரும்ப எழுதச் சொல்லியிருக்க வேண்டும். விளையாட்டில் இது சின்னக் கோளாறு. யானைச் செய்தியில், நேற்றைய வரி இன்று நின்றால் யானை இல்லாத வழியை விட்டு யானை இருக்கும் வழியில் போவோம்.

அதனால்தானோ என்னவோ, எனக்கு அங்கே உள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை ரொம்பப் பிடிக்கும். எஸ்டேட் பகுதிகளில், தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி மேட்டில் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள். யானை பக்கத்தில் இருந்தால், பொறுப்பில் உள்ள உள்ளூர்க்காரர் போனிலிருந்தே ஏற்றுவார். உருபும் இல்லை, ஒருமை பன்மையும் இல்லை. எரிகிறது, அல்லது எரியவில்லை. ஆனால் யானை போன பிறகு ஞாபகமாக அணைக்கவும் வேண்டும். இரண்டு நாள் சும்மா எரிந்தால் மூன்றாம் நாள் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பஸ் ஒரு திருப்பத்தில் மெதுவாகியது. பொழுது சாய்ந்திருந்தது. பையன் முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கி, ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. மறுபடி குனிந்துகொண்டான்.