இருமலும் எழுத்தும்

ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் 1860-இல் பிறந்தார். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, பணம் சேர்த்து, தம்மையும் குடும்பத்தையும் மீட்டுக்கொண்டவர். தந்தையாரின் மளிகைக்கடை நொடித்துப்போயிற்று. மருத்துவம் படிக்கும்போதே செகாவ் பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கதைகள் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1884-இல் டாக்டரானார். அதே ஆண்டில் இருமலோடு இரத்தம் வந்தது. அது எதன் அறிகுறி என்று டாக்டருக்குத் தெரியாதா? 1889-இல் அவருடைய அண்ணன் காசநோயால் இறந்தார். அப்போதும் செகாவ் தம் நெஞ்சைப் பிறர் சோதிக்க விடவில்லை. 1897-இல் மாஸ்கோவில், சாப்பாட்டு மேசையில் வாயிலிருந்து இரத்தம் பெருகிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் படுத்தார். அதற்குள் 13 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதன்பின் அவர் குளிர்காலங்களை மாஸ்கோவில் கழிக்க முடியவில்லை. கடலோர ஊரான யால்தாவில் குடியேறினார். மனைவியோ மாஸ்கோவில் நாடக நடிகை. கணவனும் மனைவியும் பெரும்பாலும் கடிதத்திலேதான் பேசிக்கொண்டார்கள்.

கடைசி நாடகமான ‘செர்ரித் தோட்டம்’ எழுதும்போது, நாளுக்குச் சில வரிகளே அவரால் எழுத முடிந்தது. கடனுக்காக ஒரு பழைய தோட்டம் ஏலம் போவதும், மரங்கள் வெட்டப்படுவதும்தான் கதை. தோட்டத் துண்டாடலைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோயாளி எழுதியதென்றாலும் அதில் சிரிப்பும் நிறைய உண்டு. 1904 ஜனவரியில் நாடகம் அரங்கேறிற்று. ஜூலையில் அவர் மறைந்தார். வயது 44.

நோய்தான் எழுத்தாளனை உண்டாக்குகிறது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. செகாவின் திறமை நோய்க்கு முன்பே இருந்தது. வீணாக்கப் பொழுதில்லை என்பதை நோய் அவருக்கு உணர்த்தியிருக்கலாம். ஆனால் அவர் எழுதியிருக்கக்கூடிய எத்தனையோ கதைகளை அதே நோய் கொண்டுபோய்விட்டது.

அவர் காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். இருந்தும், மறைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. பெரட்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் போகும், ஊருக்குத் தெரிந்தால் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று அஞ்சுகிறோம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் மறைப்பதால் நோய் போகாது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கிளினிக்கில் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கினால், உடம்பு தேறியதும் பாதியில் நிறுத்தாதீர்கள். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கதை எழுதும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளை நெடுங்காலம் எழுதட்டும்.