இரவல் கதவு

தெருவில் ஒரு வெள்ளிநிறக் கார் போகிறது. மூன்று கதவுகள் ஒரே நிறம். நான்காவது மட்டும் யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியதுபோல் கறுத்துத் தெரிகிறது. பெயிண்ட் அடித்தவரைக் கேட்டால், "கலர் கோடு நம்பர் பார்த்துத்தாங்க கலந்தேன்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை.

கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் அந்த எண், கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறத்தைச் சொல்கிறது. அதற்குப் பிறகு உங்கள் கார் எத்தனை கோடை வெயிலைக் குடித்திருக்கிறது! எனவே முதலில் பக்கத்துக் கதவைக் கழுவி, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேயுங்கள். அழுக்குப் படலம் போனபின் தெரிகிற நிறத்துக்குத்தான் புதுப் பெயிண்ட் பொருந்த வேண்டும்.

மெட்டாலிக் என்றால் சிக்கல் இரட்டிப்பு. அதில் பொடிப்பொடியாக அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. ஸ்ப்ரே கன்னை நெருக்கிப் பிடித்து ஈரம் சொட்ட அடித்தால் செதில்கள் உள்ளே அமிழ்ந்து, தாறுமாறாகச் சாய்ந்துகொள்ளும், ஷேடு கறுக்கும். தள்ளிப் பிடித்து வறட்டலாக அடித்தால் மேலாகவே படிந்து வெளுக்கும். டப்பா ஒன்று, கையும் ஒன்று, நிறம் மட்டும் இரண்டு. கன்னுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் பொதுவாகச் சரிப்படும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றிக் கோலம் போடக் கூடாது. கை முழுதும் தகட்டுக்கு இணையாக நகரட்டும்.

இரண்டு டப்பா வாங்கியிருந்தால் அடிப்பதற்கு முன்பே ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். பாதிக் கதவில் டப்பா மாறினால் அந்த இடம் காட்டிக்கொடுக்கும். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கு அடியில் உள்ள ப்ரைமரின் நிறமும் மேலே எட்டிப் பார்க்கும்.

காரில் கை வைக்குமுன் ஒரு துண்டுத் தகட்டில் அடியுங்கள். நிறத்துக்கு மேல் வரும் கிளியர் கோட்டும் போட்டுக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தபின் இருக்காது. அதைக் காரோடு சேர்த்து வெயிலில், நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். டியூப்லைட்டை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் அநேகம்.

இவ்வளவு செய்தும் இம்மியளவு வித்தியாசம் நிற்கும். பட்டறையில் நல்ல பெயிண்டர் அதோடு மல்லுக்கட்ட மாட்டார். நிறத்தைக் கதவு விளிம்பில் வெட்டி நிறுத்தாமல், பக்கத்துக் கதவுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவிடுவார். பிறகு இரண்டு கதவுக்கும் முழுதாகக் கிளியர் கோட். வித்தியாசம் அங்கேயேதான் இருக்கும். அது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பாதித் தொழில் இந்தக் கண்கட்டுதான் என்பேன்.

ஓர் எச்சரிக்கை: ஹார்ட்னர் கலக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உண்டு. மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவே வரவைக்கக்கூடியது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. துண்டுத் தகட்டுக்கும் சேர்த்து அந்த வேலையை மட்டும் உரிய கவசம் வைத்திருக்கும் பட்டறைக்கு விட்டுவிடுவது என் கட்சி.

அந்தத் துண்டுத் தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு தின்னர், எத்தனை கோட் என்று பின்னால் எழுதி டிக்கியில் வையுங்கள். அடுத்த கீறல் எப்படியும் வரும்.