அறியும் ஆவலும் மூக்கை நுழைத்தலும்



ஆங்கிலம் பயில்வோரைத் தடுமாறச் செய்யும் சொற்களுள் 'கியூரியஸ்', 'இன்குவிசிட்டிவ்', 'நோசி' என்னும் மூன்றும் அடங்கும். அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும்: அறிந்துகொள்ள விரும்புகிற. ஆயினும், முதற் சொல்லால் ஒருவரைக் குறித்தால் அவர் பெரும்பாலும் மகிழ்வார்; மூன்றாம் சொல்லால் குறித்தால் முகம் சுளிப்பார். நடுச்சொல்லோ இடத்துக்கேற்ப இரு பக்கமும் சாயும். இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

'கியூரியஸ்' என்பதன் வேர் 'கூரா' என்னும் இலத்தீன் சொல். அதற்குப் பொருள் அக்கறை என்பதாகும். நோய் தீர்த்தலைக் குறிக்கும் 'கியூர்', அருங்காட்சியகப் பொருள்களைப் பேணுபவரைக் குறிக்கும் 'கியூரேட்டர்', பிழையின்மையைக் குறிக்கும் 'அக்யூரேட்' ஆகிய யாவும் இவ்வேரினின்று கிளைத்தவையே. 'இன்குவிசிட்டிவ்' என்பது தேடுதல், வினவுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வினாவைக் குறிக்கும் 'கொஸ்டின்' அதன் உறவுச்சொல். ஐரோப்பாவில் மக்களை நடுங்கவைத்த சமய விசாரணை மன்றங்களின் பெயராகிய 'இன்குவிசிஷன்' என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

'நோசி' என்பது மூக்கிலிருந்து பிறந்த சொல். 'பிறர் காரியத்தில் மூக்கை நுழைக்காதே' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? மறைவாகத் துருவிப் பார்ப்பதை 'ஸ்னூப்' என்பர். டச்சு மொழியில் தின்பண்டத்தைப் பிறர் அறியாமல் எடுத்துத் தின்பதைக் குறித்த சொல் அது. ஒட்டுக் கேட்பவருக்கு 'ஈவ்ஸ்டிராப்பர்' என்று பெயர். கூரையின் விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்தில் நின்றுகொண்டு, சுவருக்கு உள்ளே நடக்கும் பேச்சுக்குக் காது கொடுப்பவர் என்பது அதன் பழம்பொருள்.

நான் வாழும் நெய்வேலி நகரியமே நல்ல ஆவலுக்குச் சான்றாக நிற்பது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு தோண்டுவித்தபோது, கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. வேண்டியது தண்ணீர், வந்தது கரி. அதை ஒதுக்கிவிட்டு வேறிடத்தில் தோண்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. 'இது யாது?' என அறிய விரும்பி, அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். விடை முழுமையாகக் கிடைக்க ஆண்டுகள் பல ஆயின. புவியியல் ஆய்வாளர்கள் பல இடங்களில் துளையிட்டு அளந்தனர். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது; மறு ஆண்டே அனல்மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று.

இந்நகரியம் பல ஊர்களிலிருந்து வந்தோர் குடியேறிய இடம். ஆகவே இங்கே இருவர் சந்தித்தால், 'சொந்த ஊர் எது? எந்த வட்டத்தில் வீடு?' என்றுதான் பேச்சுத் தொடங்கும். அன்போடு அவ்வாறு கேட்பவர் உளர். வீட்டின் அளவைக் கொண்டு பதவியையும் சம்பளத்தையும் கணக்கிடக் கேட்பவரும் உளர். இருவரும் வழங்கும் சொற்கள் ஒன்றே.

நானே ஒருமுறை இதில் தவறினேன். வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவனிடம், 'சொந்த ஊர் எது?' என்றேன். அவன் ஊர்ப்பெயரைச் சொன்னான். சுரங்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட ஊர் அது. அத்துடன் நில்லாமல், 'எவ்வளவு நிலம் போயிற்று? எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?' என்று நாற்பது மாணவர் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அவ்விடையால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமே இல்லை.

அன்று மாலை மிதிவண்டிக் கொட்டகையின் கூரையோரம் நான் நின்றிருந்தபோது, உள்ளே ஒரு தோழன் அவனிடம், 'உங்க ஊர்ல நீச்சல் பழக ஏரி இருந்துச்சா?' என்று கேட்டது காதில் விழுந்தது. அவன் பேசத் தொடங்கினான். ஏரியைச் சொன்னான்; முந்திரித் தோப்பைச் சொன்னான்; பாட்டி நட்ட பலாமரத்தைச் சொன்னான். மற்றவன் வீட்டுக்குப் போகும் நினைவே இன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒட்டுக் கேட்ட குற்றமும் அன்று என்னைச் சேர்ந்தது. ஆயினும் பாடம் ஒன்று கற்றேன். மறுநாள் அவனைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். 'பரவாயில்லை, ஐயா' என்றான். எனினும், பள்ளியை விட்டுச் செல்லும்வரை தன் ஊரைப் பற்றி அவன் என்னிடம் பேசவே இல்லை.

நம் மொழியில் 'கேள்' என்னும் ஒரு சொல்லே வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். திருக்குறளில் 'கேள்வி' என்னும் அதிகாரம் செவிச்செல்வத்தைப் பற்றியதே. அந்தத் தோழன் இரண்டு பொருளிலும் கேட்டான். நான் ஒரு பொருளில் மட்டுமே கேட்டேன்.

மாணவர்களே, மண்ணைப் பற்றியும் விண்ணைப் பற்றியும் கூச்சமின்றிக் கேளுங்கள். ஆசிரியர் சினந்தாலும் கேளுங்கள். ஒரு மனிதரின் வாழ்வைப் பற்றிக் கேட்க நேரும்போது மட்டும் ஒரு கணம் நின்று, இவ்விடை எனக்கு எதற்கு என்று உங்களையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கறையினால் என்று உள்ளம் சொன்னால் தயங்காமல் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உடனிருங்கள்.